தைத்து முடித்த பிறகு: குறுக்குத் தையலைப் பெருநாள் தொங்கலாக்கும் பாடம்

 

ஒவ்வொரு வருட இறுதியிலும் மனைப்பொருளியல் அறையின் அலுமாரியை நான் துப்புரவு செய்வேன். கீழ்த்தட்டில் மாணவியர் தைத்துவிட்டு எடுக்காமற்போன குறுக்குத் தையல் துணிகள் ஒரு கட்டு கிடக்கும். றோசாப்பூ, கிளி, பிறை, பூக்கூடை என்று நாட்கணக்காகக் கட்டம் எண்ணித் தைத்தவை. புள்ளி போட்டாயிற்று, அத்தோடு அவற்றின் கதையும் முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனவையும் பெரும்பாலும் அங்கேயுள்ள அலுமாரிக்குள்தான் கிடக்கும். தங்கைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு துணியைத் தைக்க நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். தைத்த துணியை ஒரு பொருளாக முடிக்கக் கற்றுக்கொடுப்பது குறைவு. அந்தக் குறையை நிரப்பவே இந்தப் பாடம்.

இது எனக்கே தாமதமாகக் கிடைத்த பாடம். கற்றுத் தந்தது என் உம்மம்மாவின் மேசை விரிப்பு.

றங்குப் பெட்டிக்குள் பன்னிரண்டு நட்சத்திரங்கள்

உம்மம்மா மன்னாரைச் சேர்ந்தவர். கலியாணத்துக்கு முன் தன் கையால் ஒரு மேசை விரிப்புத் தைத்தார். கட்டம் எண்ணித் தைக்க ஏற்ற தடித்த வெள்ளைப் பருத்தித் துணி. அதில் சிவப்பிலும் பச்சையிலும் பன்னிரண்டு எண்முனை நட்சத்திரங்கள். ஓரம் மடித்துத் தைக்கும் வேலை மட்டும் மிஞ்சியிருந்தது. கலியாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், ஓரம் அப்படியே நின்றது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் குடும்பம் தோணியில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியது. காணி உறுதிகளை எதில் சுற்றுவது என்று தேடியபோது உம்மம்மாவின் கைக்கு அகப்பட்டது அந்த விரிப்புத்தான். கடல் தண்ணீர் பட்டு நனைந்த துணி, கிடுகுக் கொட்டிலில் காய்ந்து, பிறகு ஒரு றங்குப் பெட்டிக்குள் போனது. உம்மா எலுவன்குளத்தில் வாழ்க்கைப்பட்டபோது பெட்டியும் கூட வந்தது.

நான் அதைத் திறந்து விரித்தது சில வருடங்களுக்கு முன்புதான். அன்றைக்குக் குத்திய குண்டூசிகள் நாலு இடத்தில் துருப்பிடித்துத் துணியை ஓட்டையாக்கியிருந்தன. மடிப்பு விழுந்த கோட்டில் துணி இற்றிருந்தது. பன்னிரண்டு நட்சத்திரங்களில் ஐந்துதான் முழுதாக நின்றன. அதே பெட்டிக்குள் உம்மம்மா அதே காலத்தில் தைத்த ஒரு சின்ன ஊசி மெத்தையும் இருந்தது. அதற்கு நிறம் மங்கியிருந்ததே தவிர வேறு குறையில்லை. அதுவும் அதே நூல், அதே கை. வேறுபாடு ஒன்றுதான்: அதைக் கழுவி, பின்துணி வைத்து, ஓரம் மூடி முடித்திருந்தார்.

எகிப்தில் மம்லூக் ஆட்சிக் காலத்தில் (1250–1517) கட்டம் எண்ணித் தைத்த துணித் துண்டுகள் இன்றைக்கும் ஒக்ஸ்போர்ட் நகரின் அஷ்மோலியன் நூதனசாலையில் இருக்கின்றன. பல நூற்றாண்டுகள் அவற்றைக் காத்தது அந்த மண்ணின் வறட்சி. எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பக்கம் புத்தளம் களப்பின் உப்புக் காற்று. மறு பக்கம் கலா ஓயா. மழைக் காலத்தில் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் நாட்களில் வீட்டுச் சுவர்களும் வியர்க்கும். துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும். ஈரம் ஊசியைத் துருவாக்கும், பூஞ்சணத்தை வரவழைக்கும். ஆகவே கரையோரத்தில் வாழும் நாங்கள் தைத்ததை முடிக்காமல் வைப்பதென்றால், அதை மெல்ல மெல்ல இழப்பதென்றே பொருள்.

நட்சத்திரங்களைத் தனித்தனியே வெட்டிப் பெருநாளைக்குத் தொங்கலாக்கலாமா என்று கேட்டேன். உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “உம்மாட கலியாண விரிப்பு, அதில கத்திரி வைக்கிறதா?” என்றார். உம்மம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னார்: “வெட்டு புள்ள. பெட்டிக்குள்ள கெடந்தது போதும்.”

அப்படி வெட்டித் தைத்தபோது நான் செய்த பிழைகளையும் கற்ற முறைகளையும் இனி வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகத் தைப்பவர்களுக்கும் இதே முறைகள் பொருந்தும்.

1. அளவு முதலில்

கடையில் வாங்கும் அய்டா துணிக்கு ஓர் இலக்கம் உண்டு. 14 என்றால் ஓர் அங்குலத்தில் 14 கட்டங்கள். உங்கள் பூவின் அகலம் எத்தனை கட்டம் என்று எண்ணி, அந்த இலக்கத்தால் வகுத்தால் அங்குலம் வரும். 35 கட்ட நட்சத்திரம் 14ஆம் இலக்கத் துணியில் இரண்டரை அங்குலம். 11ஆம் இலக்கத்தில் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூட. இந்தக் கணக்கை ஊசியை எடுக்கும் முன்பே போட வேண்டும்.

மூன்று அங்குல வட்டத் தொங்கல் வேண்டுமென்றால், சுற்றிவர ஒன்றரை அங்குலம் விட்டு, ஆறு அங்குலச் சதுரமாகத் துணியை வெட்டுங்கள். “துணி வீணாகிறதே” என்று நெருக்கி வெட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. திருப்பி மடிக்க இடமில்லாத துணியை முடிக்கவே முடியாது. உம்மம்மாவின் நட்சத்திரங்கள் நெருக்கமாக இருந்ததால் எனக்கும் அந்தச் சிக்கல் வந்தது. ஒவ்வொன்றையும் சுற்றிப் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்தே திருப்பி மடிக்க இடம் உண்டாக்கினேன்.

வெட்டிய ஓரம் நூல் பிரியும். தைக்கத் தொடங்கும் முன்பே ஓரத்தைச் சுற்றித் தையல் போடுங்கள்.

2. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

எம்ப்ரொய்டரி நூலில் ஆறு இழைகள் உண்டு. 14ஆம் இலக்கத் துணிக்கு இரண்டு இழை போதும். முடிச்சுப் போடாதீர்கள். நூலின் நுனியைப் பின்னால் பிடித்துக்கொண்டு அதன் மேலாகத் தைத்தால் அது தானாக இறுகும். முடிக்கும்போதும் நாலைந்து தையல்களுக்கு அடியில் ஊசியை நுழைத்து வெட்டுங்கள். முடிச்சுள்ள துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு முடிச்சும் முன்னால் பரு போலத் தெரியும்.

ஒரு பூவிலிருந்து தூரத்துப் பூவுக்கு நூலை அறுக்காமல் பின்னால் இழுத்துக்கொண்டு போவதும் கூடாது. கறுப்பும் சிவப்பும் வெள்ளைத் துணியின் ஊடாக நிழலாகத் தெரியும். மூன்று நான்கு கட்டத்துக்கு மேல் தாண்ட வேண்டுமானால் நூலை அறுத்து மீண்டும் தொடங்குங்கள். மேலே வரும் இழை எல்லாத் தையலிலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றிரண்டு மாறினால் வெளிச்சத்தில் அவை மட்டும் வேறு நிறம் போலத் தோன்றும்.

கர்நாடகத்தில் ‘கசூதி’ என்றொரு தையற்கலை இருக்கிறது. அதில் குறுக்குத் தையலுக்கு ‘மெந்தி’ என்று பெயர். வெந்தயம் என்று பொருள். கசூதி தைக்கும் பெண்கள் முடிச்சே போடுவதில்லை. அவர்களின் சில தையல் வகைகளில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பிரித்தறிய முடியாது. அந்தத் தேர்ச்சி எங்களுக்கு உடனே வராவிட்டாலும், அந்த எண்ணம் வேண்டும்.

3. கழுவுதல்: நான் இழந்த ஒரு நட்சத்திரம்

கைபட்ட துணியில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கறை வருடக்கணக்கில் மஞ்சளாகும். ஆகவே எந்தத் தையலையும் கழுவாமல் மூடக் கூடாது.

ஐந்தில் ஒரு நட்சத்திரத்தை நான் பறிகொடுத்தது இந்த இடத்தில்தான். அவசரத்தில் சுடுதண்ணீரும் சலவைத் தூளும் போட்டு ஊற வைத்தேன். சிவப்பு நூல் சாயம் விட்டு வெள்ளைத் துணி முழுவதும் இளஞ்சிவப்பானது. கலங்கிப்போய் அதை அப்படியே கொடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் சாயம் துணியோடு பிடித்துவிட்டது. உம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஏச்சாக இருந்தது.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் நனைத்த வெள்ளைத் துணித்துண்டால் நூலை ஒற்றிப் பாருங்கள். நிறம் ஏறினால் எச்சரிக்கை. குளிர்ந்த தண்ணீரில், காரமில்லாத சவர்க்காரம் சிறிது கலந்து, தேய்க்காமல் அலசுங்கள். சாயம் விட்டால் காய விடவே கூடாது. தண்ணீர் தெளியும் வரை குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருங்கள். பிழியாதீர்கள். துவாய்க்குள் வைத்துச் சுருட்டி மெதுவாக அழுத்தினால் ஈரம் போய்விடும். பழைய துணியென்றால் உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரைப் பல தடவை மாற்றுங்கள். மீதி நாலு நட்சத்திரங்களையும் இப்படித்தான் காப்பாற்றினேன்.

அயன் பண்ணும்போது தடித்த துவாயின் மேல் தையலைக் குப்புற வைத்து, பின்பக்கமாக அயன் பண்ணுங்கள். தையல் துவாய்க்குள் அமிழும், நசுங்காது.

4. உள்ளே வைக்கும் மட்டை

தொங்கல் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு மட்டை வேண்டும். பால்மாப் பெட்டி மட்டை கைக்குக் கிடைக்கும். ஆனால் அது ஈரம் உறிஞ்சும், நாளடைவில் துணியையும் மஞ்சளாக்கும். எங்கள் கரைக்கு ஏற்றது ஐஸ்கிறீம் டப்பாவின் பிளாஸ்டிக் மூடி. கழுவி, ஒரு குவளையைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள்: ஒன்று முன்புறத்துக்கு, மற்றது பின்புறத்துக்கு. மூடியின் நிறம் தெரியாதிருக்க, முன்வட்டத்தின் மேல் ஒரு மடிப்பு வெள்ளைத் துணி வையுங்கள். அது தையலுக்கு மெத்தென்ற உயரத்தையும் கொடுக்கும்.

துணியின் ஓரத்தை வட்டத்திலிருந்து ஓர் அங்குலம் விட்டு வட்டமாக வெட்டுங்கள். விளிம்பிலிருந்து அரை விரல் உள்ளே, இரட்டை நூலால் ஓட்டத் தையல் போட்டு, நடுவில் மட்டையை வைத்து, சுருக்குப் பையின் வாயை இறுக்குவது போல நூலை இழுங்கள். நூலை முடியும் முன் முன்பக்கம் திருப்பி, பூ நடுவில் இருக்கிறதா, கட்டக் கோடுகள் நேராக ஓடுகின்றனவா என்று பார்த்து நகர்த்துங்கள். சதுரத் தொங்கலானால் எதிரெதிர் ஓரங்களைப் பின்னால் நூலால் குறுக்கும் மறுக்குமாக இழுத்துக் கட்டுங்கள்.

பசை பூசி ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும்தான். ஆனால் பசை துணியில் ஊறிக் கறையாகும்; மாவுப் பசையானால் கரப்பானுக்கு விருந்தாகும். இழுத்துக் கட்டியதை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக் கழுவலாம். ஒட்டியதைப் பிரிக்க முடியாது.

5. கயிறும் பின்துணியும்

தொங்கவிடும் கயிற்றைக் கடையில் வாங்கத் தேவையில்லை. தையலில் மிஞ்சிய ஆறிழை நூலை ஒரு மீற்றர் அளவு எடுத்து, ஒரு நுனியைக் கதவுக் கொளுக்கியில் கட்டி, மறு நுனியை ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே இருங்கள். நன்றாக முறுகியதும் நடுவில் பிடித்து இரண்டாக மடித்தால் இரு பாதிகளும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். தைத்த நிறமே கயிற்றிலும் வருவதால் பார்க்க ஒரு நிறைவு இருக்கும்.

இரண்டாவது வட்டத்துக்குச் சாதாரண நிறத் துணியைப் போர்த்துங்கள். பழைய சட்டைத் துணியோ ஷோல் துண்டோ போதும். முதுகோடு முதுகு வைத்து, கயிற்றின் இரு நுனிகளையும் ஓர் அங்குலம் உள்ளே செருகி, இரண்டு விளிம்புகளையும் மாறி மாறிக் கொத்தி, நூல் வெளியே தெரியாமல் இறுக்கித் தையுங்கள். கயிற்றின் அடியில் மட்டும் இரண்டு மூன்று தடவை கூடுதலாகக் குத்துங்கள். பாரம் முழுவதும் அங்கேதான்.

மட்டையில்லாமல் சின்ன மெத்தை போலவும் செய்யலாம். இரு துணிகளிலும் பூவைச் சுற்றி ஒரே எண்ணிக்கையில், பக்கத்துக்கு 40 தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்தையலால் ஒரு சதுரம் போடுங்கள். ஓரங்களை உள்ளே மடித்து, துணியைக் குத்தாமல், அந்தப் பின்தையல்களை மட்டும் ஒன்றுக்கொன்று கோத்துக்கொண்டு வாருங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மூலையோடு மூலை பிசகாமல் சேரும். நாலாவது பக்கத்தை மூடும் முன் காய்ந்த இலவம் பஞ்சை அடைத்துக்கொள்ளுங்கள். உம்மம்மாவின் ஊசி மெத்தை இந்த முறையில்தான் தைக்கப்பட்டிருந்தது.

6. எதைத் தைப்பது?

பிறை, நட்சத்திரம், விளக்கு, பேரீச்ச மரம், பள்ளிவாசல் மினாரா ஆகியவை கட்டத்தில் அழகாக அமையும். எங்கள் ஊரின் கண்டல் இலையையும் கொக்கையும் தைத்துப் பாருங்கள். அவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத மாதிரிகள். அல்லாஹ்வின் திருநாமங்களையும் குர்ஆன் வசனங்களையும் தொங்கல்களில் தைக்க வேண்டாம் என்பேன். கயிறு அறுந்தால் தரையில் விழும், சிறு பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். கண்ணியம் காக்க முடியாத இடம் அது.

எண்முனை நட்சத்திரம் பலஸ்தீனப் பெண்களின் ‘தத்ரீஸ்’ தையலிலும் இருக்கிறது. அதன் பெரும்பகுதி குறுக்குத் தையல்தான். ஒரு பெண்ணின் ஆடையில் உள்ள மாதிரியைப் பார்த்தே அவள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவள் என்று சொல்லிவிடுவார்களாம். 1948இல் ஊரை இழந்த பிறகும் அகதி முகாம்களில் தாய்மார் அந்த மாதிரிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2021இல் யுனெஸ்கோ அக்கலையை மனிதகுலத்தின் மரபுரிமைகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

7. பெயரும் பாதுகாப்பும்

பின்துணியை வைத்துத் தைக்கும் முன்பே அதில் பெயரையும் ஊரையும் வருடத்தையும் பின்தையலால் எழுதுங்கள். உம்மம்மாவின் விரிப்பில் வருடம் இல்லை. எப்போது தைத்தது என்று கேட்டால், “கலியாணத்துக்கு முந்தி” என்பதுதான் பதில்.

பெருநாள் கழிந்ததும் தூசு தட்டி, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டாதீர்கள்; ஈரம் உள்ளேயே அடைபடும். குண்டூசி, ஊசி எதையும் குத்தி வைக்காதீர்கள். வருடத்தில் இரண்டு தடவையாவது வெளியே எடுத்து, நேர் வெயில் படாத இடத்தில் காற்றாட விடுங்கள். இரண்டு பெருநாட்கள் அதற்கு நல்ல நாட்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“சோதனை வருகிறது, இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தொங்கலை முடிக்க மூன்று நான்கு மாலைகள் போதும். அந்த மாலைகளில் பிள்ளை கற்பது வகுத்தல் கணக்கு, பிழை விட்டால் பிரித்துத் தைக்கும் பொறுமை, தொடங்கியதை முடிக்கும் பழக்கம். மூன்றும் சோதனைக்கும் உதவும். பிள்ளை தைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்து “அழகாயிருக்கு” என்று சொல்லி அலுமாரியில் வைக்காதீர்கள். “இது எப்ப முடியும், எங்க தொங்கவிடுவம்?” என்று கேளுங்கள்.

நாலு நட்சத்திரங்களும் ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திய இரவு முடிந்தன. ஒன்று எலுவன்குளத்தில் எங்கள் வீட்டு முன்கதவுக்கு மேல். ஒன்று புத்தளத்தில் மாமா வீட்டில். ஒன்று உம்மம்மாவின் கட்டிலருகே. நாலாவதை, யுத்தம் முடிந்த பின் மன்னாருக்குத் திரும்பிக் குடியேறிய சாச்சி கொண்டுபோனார். உம்மா, வெட்ட வேண்டாம் என்று சொன்ன அதே உம்மா, பெருநாள் காலையில் கதவடியில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். சாயம் பட்ட ஐந்தாவது நட்சத்திரத்தை நான் வைத்திருக்கிறேன். கழுவும் பாடம் வரும்போது வகுப்புக்குக் கொண்டுவருவேன்.

தங்கைகளே, அடுத்த பெருநாளுக்கு முன் உங்கள் அலுமாரியில் கிடக்கும் ஒரு துணியை எடுங்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். ஐஸ்கிறீம் மூடி ஒன்று தேடுங்கள். சந்தேகம் வந்தால் மனைப்பொருளியல் அறைக்கு வாருங்கள். கீழ்த்தட்டில் உங்கள் அக்காமார் விட்டுப்போன துணிகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்ந்தே முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.